பதினான்காம் நாள்

அன்பானவருக்கு,

தொலைபேசியில் பேசும்போதெல்லாம் அத்தை பக்கத்திலேயே இருக்கிறார். அதனால் மாஸ்கோவுக்குத் திரும்பும் உங்கள் நண்பர் சமத்திடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஜனவரியில் நீங்கள் வந்து போனதிலிருந்து எனக்கு மாதவிலக்கு வரவில்லை. அத்தை பரணிலிருந்து தொட்டிலை இறக்கிவிட்டார். "ஏம்மா, நாலு மாசமா மறைக்கிறியே, நான் என்ன கண்ணு வச்சிடவா போறேன்?" என்று சிரிக்கிறார்.

நேற்று டாக்டர் குல்சாத்திடம் போனேன். குழந்தை இல்லை. நாற்பத்து நான்கு வயதில் எல்லாம் நிற்கத் தொடங்கியிருக்கிறதாம். பதினாலாம் நாளை வட்டமிட்டு வைத்திருந்த என் பழைய தேதிகளைப் பார்த்தவர், "பதினாலாம் நாள்னு யாரு சொன்னா? உனக்கு முப்பத்தெட்டு நாளைக்கு ஒருமுறைதானே வந்திருக்கு. கருமுட்டை இருபத்துநாலாம் நாள் வாக்குலதான் வந்திருக்கும்" என்றார்.

யாரும் சொல்லவில்லை. கல்லூரியில் படித்தது. அதை நம்பித்தான் நீங்கள் மாஸ்கோ போன இந்த எட்டு வருடமும், மாதவிலக்கான ஒன்பதாம் நாள் வந்து சேரும்படி உங்கள் பத்து நாள் விடுப்புக்குத் தேதி குறித்தேன்.

ஒரு வருடம் கணவாயில் பனி மூடியது ஞாபகமிருக்கிறதா? பாதை திறந்த பிறகும், "இன்னும் திறக்கலன்னு முதலாளிகிட்ட சொல்லிடறேன், ஒரு வாரம் இருக்கேனே" என்றீர்கள். "நாள்தான் தாண்டிடுச்சே, வேலை போயிடும், கிளம்புங்க" என்று நான்தான் பையைக் கட்டினேன். அன்று இருபதாம் நாள்.

அத்தை குழந்தையைக் கட்டும் தொட்டில் வார்களைத் துவைத்துத் தந்தார். வாங்கிக் கொடியில் காயப்போட்டேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

இனி உங்களுக்கு வசதிப்படும் நாளில் வாருங்கள்.

உங்கள் மனைவி