மஞ்சள் கண்ணாடி கேட்டவருக்கு

இன்று விடியற்காலை செடெனாக் பாதையில் ஒரு லோரி எனக்கு எதிரே வந்தது. நீட்டிய கை தெரியாத பனி. முன்பக்கத்தில் தாழ்வாகப் பொருத்திய மஞ்சள் விளக்கு மட்டும் தரையைத் தடவிக்கொண்டு வந்தது. செம்மண்ணில் பதிந்திருந்த சக்கரத் தடங்கள்கூடத் தெரிந்தன. சைக்கிளை விட்டு இறங்கி, அது போன பிறகும் ஓரமாக நின்றிருந்தேன். நீங்கள் கேட்டது இதைத்தான்.

ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணி, நீங்கள் லோரி டிரைவர். என்னைவிட மூத்தவர் என்று தெரிந்தும் அன்று உங்களை 'நீ' என்றுதான் அழைத்தேன். இந்தக் கடிதத்திலாவது அதை மாற்றிக்கொள்கிறேன்.

மலைப்பக்கத்து மண் பாதைக்காக லோரியில் இன்னொரு விளக்குப் பொருத்தச் சொன்ன துரை, வாங்கும் பொறுப்பை என்னிடம் விட்டார். அதைக் கேள்விப்பட்டு நீங்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றீர்கள்.

“ஐயா, மஞ்சக் கண்ணாடி போட்டதா வாங்குங்க. வெள்ளை வெளிச்சம் பனியில பட்டு நம்ம கண்ணுக்கே திரும்பி அடிக்குது. முன்விளக்குல மஞ்சத் தாளக் கட்டி ஓட்டிப் பார்த்தேன். வெளிச்சம் கொறச்சல்தான், ஆனா பாதை தெரியுதுங்க.”

உள்ளே இரண்டு இளைய கிராணிகள் இருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் எனக்கு யோசனை சொல்வதா என்று சுருக்கென்றது. “லோரிக்கு என்ன மஞ்சள் நீராட்டா?” என்றேன். அவர்கள் சிரித்தார்கள். நீங்களும் கொஞ்சம் சிரித்துவிட்டுப் போனீர்கள். கடையில் இருந்ததிலேயே பளிச்சென்ற வெள்ளை விளக்கை வாங்கி வந்தேன்.

மழைக்காலம் பிறந்த இரண்டாம் வாரம், பால் வெட்டுகிறவர்களை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் போன லோரி, பனியில் வளைவு தெரியாமல் பள்ளத்தில் சாய்ந்தது. உயிர்ச்சேதம் இல்லை. உங்கள் இடது கால்தான் முட்டிக்குக் கீழே நசுங்கிப்போனது.

துரை உங்கள் கட்டிலருகே நின்று விசாரித்தார். அவர் ஆங்கிலத்தில் கேட்டதை நான் தமிழில் சொன்னேன்: “புது விளக்கு இருந்துமா பாதை தெரியல?”

நீங்கள் என்னையே பார்த்தீர்கள். பிறகு, “என் கவனக்குறைவுதாங்க” என்றீர்கள்.

அதை ஒரு சொல் மாறாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அதோடு ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. உங்கள் வேலை போனது. அந்த வாரமே உங்கள் குடும்பம் தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்துகொண்டு மெர்சிங் போனது.

நீங்கள் இறந்த செய்தி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. மெர்சிங் போய் உங்கள் மனைவியிடம் விளக்கு விஷயத்தை முழுவதும் சொன்னேன். அவர் வலை பின்னுவதை நிறுத்தவில்லை.

“தெரியுங்க. ‘கிராணிக்கு நாலு பொம்பளப் புள்ளைங்க, வேலை போனா என்ன செய்வாரு’ன்னு அவங்கதான் சொன்னாங்க. நீங்க ஒருநாள் வருவீங்கன்னும் சொல்வாங்க. போன வருசம் படகுத்துறையில உங்களப் பார்த்தாங்களாம். ஏதோ அவசரம், அதான் நிக்காமப் போயிட்டீங்கன்னு சொன்னாங்க.”

எனக்கு அவசரம் எதுவும் இல்லை. ஊன்றுகோலோடு நீங்கள் வருவதைப் பார்த்துத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன்.

அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “ஆமாம்மா, அன்று அவசரம்” என்று வந்தது. தப்பை ஒப்புக்கொள்ளப் போன இடத்திலும் நீங்கள் எனக்காகச் சொன்ன பொய்க்குள் போய் ஒளிந்துகொண்டேன். இன்னும் அங்கேதான் இருக்கிறேன்.