அந்தக் கொத்து அங்கே இல்லை

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

நலமா? உன் அக்காவும் அவள் கைக்குழந்தையும் நலம்தானே? ஃபோன் செய்தால் எடுத்து அக்கா கையில் கொடுத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். நாம் கண்டுபிடித்த விண்மீன் கொத்து அங்கே இல்லை.

செவ்வாய்க்கிழமை நம் மாணவி என் அறைக்கு வந்து, "சார், எங்கயோ தப்பு பண்ணிட்டேன் போல, கொஞ்சம் என்கூட உக்காந்து பாருங்க" என்றாள். புதிய விண்தொலைநோக்கி அளந்த நகர்வுகளை நம் விண்மீன்களோடு பொருத்தியிருந்தாள். ஒன்றாகப் பிறந்தவை ஒரே பக்கமாகத்தானே போக வேண்டும்? ஒவ்வொன்றும் ஒரு திசையில் போகிறது. தூரமும் ஆளுக்கொன்று. அந்த இடத்தில் விண்வெளித் தூசி மெலிந்திருக்கிறது, அவ்வளவுதான். பின்னால் சம்பந்தமில்லாமல் சிதறிக் கிடப்பவை அந்த இடைவெளியில் மங்கலாகத் தெரிந்ததை, நாம் கொத்து என்று எழுதிவிட்டோம்.

நானே திரும்பக் கணக்குப் போட்டேன். அவள் கணக்கில் தப்பில்லை. நாம் சேர்ந்து எழுதிய முதல் கட்டுரை அது. உன் அப்பா நம் கல்யாணப் பத்திரிகையில் கேலிக்காக அச்சடித்ததும் அந்தக் கொத்தின் படத்தைத்தான். இன்னும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் அழவில்லை. "ஆய்வேட்டுல பாதி போச்சு சார். மேடம்கிட்ட யாரு சொல்றது?" என்று மட்டும் கேட்டாள். உன்னிடம் நானே சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நம் ஆய்வக இயக்குநர், "இந்தக் கொத்தக் காட்டித்தான் பெரிய தொலைநோக்கியில பாக்க நேரம் கேட்டிருக்கோம். அது கிடைக்கிற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க" என்றார். முடியாது என்றேன். கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பிழையைக் கண்டுபிடித்தது அவள்தான் என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். கீழே உன் கையெழுத்தும் வேண்டும்.

சமையலறைக் குழாயை ஒருவழியாகச் சரிசெய்தாயிற்று. உன் அம்மா, "எப்பப்பா வர்றா?" என்று கேட்டார்கள். அக்காவுக்கு இன்னும் துணை வேண்டியிருக்கிறது என்று சமாளித்தேன். நான் சொன்னதை அவர்கள் நம்பவில்லை.

கையெழுத்தைத் தபாலில் அனுப்பினாலும் செல்லும். ஆனால் தூசிக்குப் பின்னால் நாம் குறித்து வைத்த கொத்துகள் இன்னும் நிறைய இருக்கின்றன. அவற்றில் எது நிஜம் என்று தனியாகத் திறந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு தடவை வந்துவிட்டுப் போ. வந்தபின் போவதும் இருப்பதும் உன் இஷ்டம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்