உள்பக்கத்துப் பச்சை

நிலா,

முதல் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டேன். இட்லி ஊற்றி வைத்திருக்கிறேன். சட்னிக்குத் தாளிக்க மறந்துபோனேன், நீ தாளித்துக்கொள்.

அண்ணனுடைய ரிமோட் காரின் மேல்கூடு பாழானது உன்னால் இல்லை. நான்தான் செய்தேன்.

நீ புது மோட்டாரும் பேட்டரியும் மாட்டி, குவார்ட்டர்ஸ் வாசலில் அதை ஓட்டிக் காட்டியபோது எனக்கும் ஏதாவது செய்ய ஆசை வந்தது. ஞாயிற்றுக்கிழமை நீ மந்தாரக்குப்பம் போயிருந்தபோது கூட்டைக் கழற்றி, உள்பக்கம் தின்னர் போட்டுத் துடைத்தேன். மைன்ஸ் ஒர்க்‌ஷாப்பில் எந்தப் பழைய சாமான் வந்தாலும் முதலில் அதைத்தான் செய்வோம். பெயின்ட் வெளியே இருக்கும், உள்ளே இருப்பது அழுக்கு என்று நினைத்தேன். கண்ணாடி மாதிரியான அந்தக் கூட்டுக்கு உள்ளேதான் பெயின்ட் அடிப்பார்கள் என்பது, துணி பச்சையான பிறகே புரிந்தது. பத்தாவது படிக்கும்போது உன் அண்ணன் செங்குட்டுவன் அடித்த பச்சை. துணியை ஒளித்துவைத்தேன்.

"நான் கழுவுன சோப்புத் தண்ணிதாம்பா அரிச்சிடுச்சி. அண்ணன் இருந்தா என் மண்டையிலயே குட்டியிருப்பான்" என்று நீ அழுதாய். நான், "வுடும்மா, பழசுதானே" என்றேன். அவன் போன இந்த இரண்டு வருஷத்தில் நான் சொன்னதிலேயே கேவலமான வார்த்தை அதுதான்.

சாயங்காலம் நேரிலும் சொல்கிறேன். திட்டிவிடு.

அப்பா

பின்பக்க ஓரத்தில் கொஞ்சம் பச்சை மிச்சம் இருக்கிறது. காய்வதற்குள் தொட்டிருக்கிறான், விரல் பதிந்திருக்கிறது. அதைப் பார்த்துத்தான் கையை எடுத்தேன். அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் அடிக்காதே.