தானாகத் திறந்த வேன் கதவு

என் கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். எப்போதும் இந்த வரியைக் கைப்பழக்கத்தில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போவேன், இன்று ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். உன் அண்ணன் பையன் வாலு இதோ என் காலடியில் உட்கார்ந்து பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருக்கிறான், அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை, அதை முதலில் மனதில் போட்டுக்கொண்டு மீதியைப் படி. போனில் சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் நானும் அழுவேன், அதனால்தான் கடிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை வாலுவுக்கு நீச்சல் வகுப்பு. அப்பா வேனை ஓட்டினார், நான் முன்னால், அண்ணியும் வாலுவும் நடு வரிசையில். ஆஸ்பத்திரி ரவுண்டானாவில் வண்டி திரும்பும்போது பக்கக் கதவு, ஸ்விட்சைத் தொட்டால்தான் நகருமே அந்தக் கதவு, யாரும் தொடாமலே சரசரவென்று பின்னால் போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் கதவு இருக்க வேண்டிய இடத்தில் ரோடு ஓடுகிறது. வாலுவின் நீச்சல் பை வெளியே விழுந்து, பின்னால் வந்த பஸ்ஸின் சக்கரத்துக்கு அடியில் போயிற்று. அவனும் போயிருப்பான், நீ அனுப்பினாயே பெல்ட் வைத்த குழந்தை சீட், அதுதான் அவனைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பார்சலைப் பிரித்தபோது இவன் என்ன ராக்கெட்லயா போகப்போறான் என்று சிரித்தது யார் என்று உனக்கே தெரியும். பஸ் பிரேக் போட்ட சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை, அடுப்பில் பாலை வைத்துவிட்டு எதற்கு வைத்தேன் என்று தெரியாமல் நிற்கிறேன்.

வண்டியை ஓரம் கட்டியதும் அப்பா திரும்பி அண்ணியைத்தான் பிடித்துக்கொண்டார், கதவ ஒழுங்கா சாத்தத் தெரியாதா என்று. சாத்தினேன் மாமா, டக்குனு சத்தம்கூட கேட்டுச்சு என்றாள் அவள். கதவு தானா தெறக்குமா, இது என்ன பேய் பங்களாவா என்று நடுரோட்டிலேயே சத்தம் போட்டார். வீட்டுக்கு வந்தும் விடவில்லை, பெத்த பிள்ளைய பத்திரமா பாத்துக்கத் தெரியலன்னா நீ என்ன தாய் என்று ஒரு வார்த்தையை விட்டார் பார், கொட்டினதை அள்ள முடியுமா. அன்றிலிருந்து அவள் சாப்பாட்டு மேசைக்கு வரவில்லை, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்கிற மாதிரி உன் அண்ணன் நடுவில். துணி மடிக்கும்போது, அத்தை, நான் நெசமாவே சாத்தலையோ என்று என்னிடம் கேட்டாள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் பார்த்தால் வாலுவின் சட்டைகளையும் தன் துணியையும் பெட்டியில் அடுக்குகிறாள், அவள் அம்மா வீட்டுக்குப் போக. எப்போது திரும்புவாளோ.

பெட்டி கட்டியாகிவிட்டது, அந்த மத்தியானம்தான் அது நடந்தது. சுள்ளென்று வெயில், வேன் ஷெட்டில் நிற்கிறது, சாவி ஆணியில் தொங்குகிறது, உள்ளே ஆள் இல்லை. திடீரென்று வைப்பர் இரண்டும் ஆட ஆரம்பித்தன, பிறகு ஹாரன், பிறகு எங்கள் எல்லோர் கண்முன்னாலும் அந்தக் கதவு தானாகத் திறந்து, மூடி, மறுபடி திறந்தது. அப்பா பேயறைந்த மாதிரி நின்றார். அண்ணி கட்டின பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், அன்று கிளம்பவில்லை.

வண்டி எலக்ட்ரீஷியன் வந்தார். பேட்டரி என்றார், இல்லை, ஃப்யூஸ் என்றார், கதவு மோட்டார் என்றார், அதுவும் இல்லை. கடைசியில் கண்ட்ரோல் மாட்யூலாத்தான் இருக்கும்மா என்றார். கதவு, வைப்பர், விளக்கு, ஹாரன் எல்லாவற்றுக்கும் உத்தரவு போடுகிற பெட்டியாம், வீட்டில் நான் இருக்கிற மாதிரி. ஆனால் இந்த வண்டியில் அதை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று அவருக்கே தெரியவில்லை. பானட்டைத் திறந்து தேடினார்கள், உன் அண்ணன் ஸ்டீயரிங்குக்கு அடியில் தலையை விட்டு எடுக்க முடியாமல் முனகினான். இந்த வண்டியில எனக்குத் தெரியாத நட்டு போல்ட்டு கெடையாது என்பாரே அப்பா, அவர் டேஷ்போர்டைக் காட்டினார், அங்கே காணாமல்போன என் மூக்குக் கண்ணாடிதான் கிடைத்தது. எலக்ட்ரீஷியன் யாருக்கோ போன் போட்டுக் கேட்டு, முன்னால் நான் உட்கார்கிற சீட்டைக் கழற்றி, தரைவிரிப்பைத் தூக்கினார். அமுக்கினால் தண்ணீர் வருகிறது. அடியில் ஒரு கறுப்புப் பெட்டி, ப்ளக்கெல்லாம் பச்சை பூத்துக் கிடக்கிறது. ஈரம் இறங்கி, யாரும் கேட்காமலே அது உத்தரவு போட்டிருக்கிறது.

இவ்ளோ தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு என்றார் அவர். கூரையிலும் கண்ணாடியிலும் கதவு ரப்பரிலும் வாளி வாளியாக ஊற்றிப் பார்த்தார்கள், உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. அப்போது அண்ணியின் கண் ஷெட் மூலையில் சுருட்டி வைத்திருந்த ஹோஸ் பைப்பில் போய் நின்றது. ஒவ்வொருவராக எல்லோரும் அங்கே பார்த்தோம். சனிக்கிழமை ஆனால் அப்பா வேன் கதவுகளைத் திறந்துபோட்டு, தரை கழுவுகிற மாதிரி உள்ளே பைப்பைப் பிடித்து அடிப்பாரே, தொடைச்சா போதாது, கழுவினாத்தான் சுத்தம் என்று. நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். பேரன் மேல் உயிரையே வைத்திருக்கிற மனிதர், வாராவாரம் தன் கையாலேயே அந்தக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார்.

நேற்றுப் புதுப் பெட்டி மாட்டினார்கள். காலியா ஒரு சுத்து ஓட்டிப் பாக்கலாம் என்றார் எலக்ட்ரீஷியன். அப்பா குழந்தை சீட்டைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, வாலுவின் இடத்தில், அந்தக் கதவை ஒட்டித் தானே உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினார். ரவுண்டானாவுக்குப் போங்க என்றார். அவர் போதும் என்று சொல்லும்வரை சுற்றினார்களாம், கதவு அசையவில்லை. திரும்பி வந்து வண்டி நின்றும் அப்பா இறங்கவில்லை. எட்டிப் பார்த்தால் பெல்ட்டின் பட்டன்மேல் விரலை வைத்துக்கொண்டு அமுக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். அத்தனை நாளாக அவர் எதிரே வராத அண்ணி போய்க் குனிந்து, வாலுவுக்குக் கழற்றிவிடுகிற மாதிரியே கழற்றிவிட்டாள். நீ சாத்தினம்மா, நல்லாத்தான் சாத்தின என்றார் அப்பா. கைய எடுங்க மாமா, பெல்ட்டுல மாட்டிக்கும் என்றாள். சாயங்காலம் அவள் பெட்டியிலிருந்த துணியெல்லாம் அலமாரிக்குத் திரும்பியது.

ஹோஸ் பைப் இனிமேல் செடிக்கு மட்டும்தான், அது என் உத்தரவு. நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடியில்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். பின் சீட்டில் உட்கார்ந்தாலும் பெல்ட் போட்டுக்கொள்வாயாம், அப்பா எழுதச் சொன்னார். சீட் அனுப்பினதுக்கு உன்னிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம், போனை எடுத்து எடுத்துக் கீழே வைக்கிறார். நீயே கூப்பிடு, கண்ணு.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா