வெளியூரில் வேலை

மே 6, செவ்வாய்

கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு ஒத்திகைக்குப் போனால் பாட்டு இல்லை, பிரசங்கம். நாம் வெறும் பாடகர்கள் இல்லையாம், பண்பாட்டுத் தூதர்களாம். பாட்டு மாஸ்டர் சொல்லச் சொல்ல முன்வரிசை தலையாட்டியது. கூட்டம் முடிந்ததும் தூதர்களில் பாதிப் பேர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். வாந்திக்கு மாத்திரை, வயிற்றுப்போக்குக்கு மாத்திரை, விமானத்தில் காது அடைத்தால் என்ன செய்வது? சேர்ந்திசைக் குழுவில் ஒரு மருந்துக்கடைக்காரி எதற்கு என்று இன்றைக்குத்தான் புரிந்தது. என் குரலுக்காக இல்லை.

வெளிநாட்டில் ஒரு இசை விழாவில் பாடப் போகிறோம், அங்கே ஓட்டல் கிடையாது. இரண்டிரண்டு பேராக அந்த ஊர்க் குடும்பங்களோடு தங்க வேண்டும். எனக்கு ஜோடி என் நாத்தனார். வேறு யார்? இங்கே என் வீட்டு மாடியில் இருப்பவள், அங்கே பக்கத்துக் கட்டிலில். கடல் தாண்டலாம், குடும்பத்தைத் தாண்ட முடியாது.

செயலாளர் அவளிடம், வீட்டுக்காரர் வழியனுப்ப வருவாரா என்று கேட்டார். அவள் வாய் திறப்பதற்குள் நானே சொல்லிவிட்டேன்: வெளியூரில் வேலை, லீவு கிடைக்காது. ஒரு வருடமாகச் சொல்லிச் சொல்லி, அந்த மனிதர் எங்கோ ஓவர்டைம் பார்ப்பதாக எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது. பிரிந்து போன ஆளுக்கு நான் பார்த்துக் கொடுத்த வேலை.

மே 9, வெள்ளி

செயலாளர் நினைவுப் பரிசுகளை எல்லார் பெட்டியிலும் பங்கு போட்டுத் திணித்தார். முன்பக்கம் குழுவின் பெயர். பின்பக்கம் மாஸ்டரின் படம், சிரித்தபடி.

மே 12, திங்கள்

வந்து சேர்ந்தாயிற்று. கால் வீங்கியிருக்கிறது. நகர மண்டபத்தில் வரவேற்பு. மாஸ்டர் நன்றி சொல்ல எழுந்து, நாகரிகம் தோன்றிய நாளிலிருந்து ஆரம்பித்தார். மொழிபெயர்ப்பாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் இரண்டே வாக்கியம் சொன்னார். கூட்டம் கைதட்டியது. நல்ல மனுஷன்.

பிறகு எங்களைப் பிரித்துக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகளைக் கூட்டிப்போக வருவார்களே, அதேபோல. எங்களை அழைக்க ஒரு தம்பதி. அந்த அம்மா கீழ்த்தளத்தில் முடி அலங்காரக் கடை வைத்திருக்கிறார், மேலே வீடு. கணவர் பஸ் ஓட்டுநர். பெட்டியை நான் தூக்க விடவில்லை. இரண்டு பேருக்கும் அரைகுறை ஆங்கிலம். எனக்கு அதிலும் அரைகுறை.

தங்கள் பெரிய அறையை எங்களுக்கு விட்டுவிட்டார்கள். அந்த அம்மா சின்ன அறையில், அவர் ஹாலில் சோபாவில். விடியற்காலை வண்டி எடுக்கணும், மனைவி தூக்கம் கெடக்கூடாதாம். என் வீட்டுக்காரர் தும்மினால் மூன்று வீடு விழிக்கும்.

மே 14, புதன்

காலையில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு ஒரு பஸ். அதில் ஊர்சுற்றல் பாதி, குறை சொல்லல் மீதி. செயலாளர் தங்கிய வீட்டில் வெந்நீர் போதவில்லை. அவர் மனைவிக்குத் தலையணை ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு அம்மாள் ஊரிலிருந்து கொண்டுவந்த ஊறுகாய் பெட்டிக்குள் உடைந்து, மேடைப் புடவை முழுக்க எண்ணெய்; அதற்கும் அந்த வீட்டுக்காரர்கள்தான் காரணமாம். சோற்றைப் போட்டவன் தலையில் சட்டியைக் கவிழ்க்கிற கூட்டம்.

எங்கள் வீட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அந்தத் தம்பதியைப் பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சி. டீ கொடுத்தால் அவர் எழுந்து வாங்கி மனைவிக்கு நன்றி சொல்கிறார். சாப்பிட்ட தட்டை அவரே கழுவி, இதை எங்கே வைக்கட்டும் என்று கேட்டு வைக்கிறார். ஒரு அதட்டல் இல்லை, ஒரு முகச்சுளிப்பு இல்லை.

சும்மா இருக்க முடியுமா என்னால்? படுக்கையை உதறும்போது நாத்தனாரிடம் சொன்னேன், "பாத்தியா, இப்படி விட்டுக்குடுத்துப் போறதுக்குப் பேருதான் குடும்பம். ரெண்டு கையும் தட்டினாத்தான் ஓசை."

அவள் தலையணை உறையை மாட்டிக்கொண்டே இருந்தாள்.

மே 15, வியாழன்

கோபமாக வருகிறது. யார்மேல் என்று தெரியவில்லை.

மாலையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தோம். நான் மறுபடி அந்தப் புராணத்தை எடுத்தேன். அவள் துணியைக் கீழே வைத்தாள்.

"அண்ணி, அவர் இந்த வீட்டு ஆள் இல்ல."

என்ன உளறுகிறாய் என்றேன்.

"உப்பு எங்கேன்னு தெரியாம மூணு அலமாரியைத் திறந்தாரு. அவரோட சட்டை எல்லாம் சோபாவுக்குப் பின்னால ஒரு பையில இருக்கு. நம்மளும் அவரும் ஒரே நாள்லதான் இங்க வந்திருக்கோம்."

பிரிந்து இரண்டு வருடமாம். முதல் நாளே இவளுக்குப் புரிந்துவிட்டதாம். நேற்று கடையில் தலை அலசிவிடும்போது அந்த அம்மாவே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். விருந்தினரைக் 'குடும்பங்களுக்கு' மட்டும்தான் அனுப்புவோம் என்று விழாக் குழு சொல்லிவிட்டது. அந்த அம்மாவுக்கோ ஆசை, வீட்டில் ஆள் நடமாட்டம் கேட்டு நாளாகிவிட்டது. பழைய புருஷனிடம் போய்க் கேட்டாராம், ஒரு வாரம் வந்து இருக்க முடியுமா என்று. அவர் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

நான் மரியாதை என்று நினைத்ததெல்லாம் விருந்தாளியின் கூச்சம். ஊரில் ஒருத்தி விடாமல் எடை போடுகிற நான், முகம் தெரியாத இரண்டு பேரின் நாடகத்துக்கு நான்கு நாளாக முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணீர் மல்கியிருக்கிறேன். அதை வைத்து இவளுக்குப் பாடம் வேறு. இவள் கேட்டுக்கொண்டும் இருந்திருக்கிறாள்.

ஏன் அப்போதே சொல்லவில்லை?

"நீங்க சந்தோஷமா இருந்தீங்க அண்ணி. அபூர்வமா."

மே 16, வெள்ளி

நாக்கை அறுத்துப் போடலாம். பஸ்ஸில் செயலாளரின் மனைவி தலையணைக் கதையை மூன்றாம் முறை ஆரம்பித்தாள். அவள் வாயை அடைக்கிற வேகத்தில் நான் சொல்லிவிட்டேன் — உங்க வீட்ல தலையணை சரியில்ல, எங்க வீட்ல புருஷனே இரவல். சிரிக்கத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கண்ணை அகல விரித்தாள். வெறும் வாயை மென்றவளுக்கு அவல் கிடைத்துவிட்டது.

மே 17, சனி

ஒத்திகை மண்டபத்தில், எல்லார் முன்னாலும். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசினார். கழற்றினால் தீர்ப்பு என்று அர்த்தம். நம்மை ஏமாற்றியிருக்கிறார்கள். பண்பாட்டுப் பயணத்துக்கு ஒரு தரம் உண்டு. அந்த மாதிரி வீட்டில் நம் பெண்கள் தங்கியது ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? விழாக் குழுவிடம் புகார் கொடுத்து, இன்றைக்கே எங்கள் இருவரையும் வேறு இடத்துக்கு மாற்றப்போகிறார்.

நான் வாயைத் திறக்கவில்லை. வைத்தியத்துக்கு வாய் திறப்பேன், வம்புக்குத் திறப்பேன். திறக்க வேண்டிய நேரத்தில் பல்லோடு பல் ஒட்டிக்கொண்டது.

நாத்தனார் எழுந்தாள். முதல் வரிசை, நடு இடம்.

"அந்த மாதிரி வீடுன்னா எந்த மாதிரி மாஸ்டர்?"

அவர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"என் வீட்டுக்காரர் வெளியூர்ல வேலைல இல்ல. நாங்க பிரிஞ்சு ஒரு வருஷமாச்சு. எங்க வீட்ல எல்லாரும் சேர்ந்து பொய் சொல்லிட்டிருக்கோம். அவங்க ஒரு வாரம் சொன்னதுக்கே வீட்டை மாத்தணும்னா, என்னை எங்க மாத்துவீங்க?"

மண்டபத்தில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பொய்யின் சொந்தக்காரி நான்தானே. 'வெளியூர்' என்று முதலில் சொல்லச் சொன்னது என் வீட்டுக்காரர், ஆனால் ஊர் முழுக்க விநியோகம் பண்ணியது நான்.

எழுந்தேன். நாங்கள் அங்கேயேதான் இருக்கப் போகிறோம் என்றேன். புகார் கொடுப்பதானால் எங்கள் இரண்டு பேர் குரல் இல்லாமல் நாளைக்குப் பாடிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். மாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இரண்டாம் பாட்டிலிருந்து ஆரம்பிப்போம் என்றார். வீரம் அவ்வளவுதான். முதல் குரலுக்கு வேறு ஆள் இல்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் அந்த அம்மாவிடம் நான்தான் உளறினேன் என்று சொன்னேன். என் ஆங்கிலத்தில் அது எப்படிப் போய்ச் சேர்ந்ததோ. நான் முடிக்கும்வரை கேட்டார். பிறகு என்னைக் கடை நாற்காலியில் உட்கார வைத்து, கழுத்தில் துண்டைக் கட்டி, கத்தரியை எடுத்தார். ஒரு நிமிடம் பயந்தேன். முடியின் நுனியைத்தான் வெட்டினார்.

மே 18, ஞாயிறு

நிகழ்ச்சி நடந்தது. ஆண்கள் வரிசை இரண்டு இடத்தில் தாளத்தைக் கோட்டைவிட்டது. யாருக்கும் தெரியவில்லை, கைதட்டல் நிறைய. மாஸ்டர் குனிந்த குனிவில் முதுகு பிடித்துக்கொண்டது. என்னிடம்தான் களிம்பு கேட்டு வந்தார், கொடுத்தேன்.

அந்த அம்மாவும் ஓட்டுநரும் பார்வையாளர் வரிசையில் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். அவர் மடியில் அந்தப் பை. முடிந்ததும் எங்களுக்குக் கைகொடுத்தார், அந்த அம்மாவுக்கும் கைகொடுத்தார். அந்த அம்மா ஏதோ சொல்ல, அவர் சிரித்துவிட்டுப் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார். நாங்கள் மூன்று பேரும் வீட்டுக்கு வந்தோம். உப்பு இருக்கிற இடம் மூன்று பேருக்கும் தெரியும்.

மே 21, புதன்

ஊர் வந்து சேருவதற்குள் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. என் வீட்டுக்காரர் பெட்டியைக்கூட வாங்கவில்லை. "கடல் கடந்து போய் மானத்தை வித்துட்டு வந்தீங்களா?" என்றார். தங்கையைப் பார்த்துக் கேட்கவில்லை, என்னைப் பார்த்து. அவள் மாடிக்குப் போய்விட்டாள்.

மே 24, சனி

மூன்று நாள் பேசாமல் இருந்தவர் இன்று சட்டைப் பொத்தான் தைக்கக் கொண்டுவந்தார். தைத்துக் கொடுத்தேன். கோபத்தின் ஆயுள் ஒரு பொத்தான்.

ஜூன் 8, ஞாயிறு

அவளுக்குத் தனி வீடு வேண்டுமாம். மாடியில் என்ன குறை என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. கூடப் போனேன். முதலில் பார்த்த வீட்டின் சொந்தக்காரர் அவளை விட்டுவிட்டு என்னிடம் கேட்டார், "சார் எப்ப வருவார்?"

பழக்கம், நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"சார் கிடையாது. இவங்க மட்டும்தான்" என்றேன்.

யோசித்துச் சொல்கிறேன் என்றார். நிறைய யோசியுங்கள் என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினோம். இரண்டாவது வீட்டிலும் ஒரு யோசனைக்காரர். ஊரில் இத்தனை சிந்தனையாளர்கள் இருப்பது தெரியாமல் போயிற்று.

ஜூன் 29, ஞாயிறு

இரண்டு அறை, சமையலறையில் நல்ல வெளிச்சம். வீட்டுக்காரி ஒரு ஓய்வுபெற்ற நர்ஸ். தண்ணீர் மோட்டார் எப்போது போடுவார் என்பதைத் தவிர எதுவும் சொல்லவில்லை, எதுவும் கேட்கவில்லை.

சாமான்களை என் வீட்டுக்காரர்தான் வண்டியில் ஏற்றினார். முகம் உர்ரென்றுதான் இருந்தது. ஆனால் கட்டிலைக் கோணலாகப் போட்டுவிட்டார்கள் என்று கூலிக்காரர்களோடு சண்டை போட்டு, நேராக்கிவிட்டுத்தான் கிளம்பினார்.

நான் டப்பாக்களை அடுக்கினேன். அவள் சமையல் மேடையைத் தேய்த்துக்கொண்டே பாடினாள். சுருதி அரைக்கட்டை கீழே. சொல்லவில்லை.