எந்த முடியல?

மார்ச் 3, செவ்வாய்

இந்தப் பக்கங்களில் நான் எழுதப்போகும் வரலாற்றை ஒருவரும் நம்பப்போவதில்லை என்று முதலிலேயே சத்தியப்பிரமாணம் செய்து கொடுத்துவிடுகிறேன். இரண்டே பேர் குடியிருக்கும் ஒரு சாம்ராஜ்யம். மூன்றாம் மாடி, இரண்டு அறை, ஒரு கூடம், துணி காயப்போட ஒரு பால்கனி. சக்கரவர்த்தி என் அண்ணன். மந்திரி, சேனாதிபதி, சமையல்காரன், சலவைக்காரன், வாயிற்காவலன் எல்லாம் நான்.

அண்ணன் சர்வேயராக இருந்தவர். ஊரில் பாதி வேலிகள் அவர் கைகாட்டிய இடத்தில்தான் நிற்கின்றன. இப்போது ஞாபகம் போய்விட்டது. வேலை மட்டும் போகவில்லை. எழுந்ததும் கூடத்துச் சுவரைச் சாணால் அளக்கிறார். "சுவர் நகர்ந்திருக்கு. பக்கத்து வீட்டுக்காரன் தள்ளியிருக்கான்." என்னைத் தம்பி என்று தெரியவில்லை. அளவுச் சங்கிலியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்கும் உதவியாள் என்று நினைக்கிறார். "டேய் சங்கிலி, தொய்யுது பாரு, இழுத்துப் பிடி."

நானோ ஒரு காலத்தில் மைக் செட் வாடகைக்கு விட்டவன். "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று நான் சொன்னால் மூன்று தெரு தள்ளித் தொட்டிலில் இருக்கும் குழந்தை விழித்துக்கொள்ளும். கடலில் கப்பல்கள் திசை திரும்பும். அந்தக் குரலில் இன்று நான் பேசிய மிகப் பெரிய வசனம்: "அண்ணே, வாயைத் திறங்க. முழுங்குங்க. முழுங்கிட்டீங்களா?"

மார்ச் 4, புதன்

முழுங்கவில்லை. மாத்திரையைக் கன்னத்திலேயே ஒதுக்கி வைத்திருந்திருக்கிறார். சாயங்காலம்தான் தெரிந்தது.

மார்ச் 8, ஞாயிறு

அண்ணன் மகள் அழைத்தாள். விமானம் ஏறி வரவேண்டிய தூரத்தில் வேலை. ஞாயிறு தவறாமல் போன்.

"அப்பா எப்படி இருக்காரு சித்தப்பா?"

"உங்கப்பா நேத்து பக்கத்து வீட்டு பால்கனியை நம்ம எல்லைக்குள்ள கொண்டுவந்துட்டாரு. அவங்க பூந்தொட்டி சகிதம் சரணாகதி. சமாதானப் பேச்சு நடந்துக்கிட்டிருக்கு."

இருமல் வரும்வரை சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் வாரம் முழுக்கக் கதை சேர்த்து வைக்கிறேன்.

"நீங்க எப்படி இருக்கீங்க?"

"எனக்கென்ன, நாளுக்கு நாள் இளமை கூடுது. தபால்காரர் என்னையே கேட்கிறாரு, 'தம்பி, வீட்ல பெரியவங்க யாரும் இல்லையா'ன்னு."

வைப்பதற்கு முன்னால் சொன்னாள்: "வீட்ல உடம்பு சரியில்லாதவங்களப் பார்த்துக்கறவங்களுக்குன்னே போன்ல ஒரு குழு இருக்காம் சித்தப்பா. லிங்க் அனுப்பறேன், சேருங்க."

"நான் எந்தக் கட்சியிலயும் சேர்றதில்லம்மா."

"சேருங்களேன். பேச ஆள் கிடைக்கும்."

பேச ஆளா? எனக்கா? போனை வைத்துவிட்டு யோசித்தேன். அண்ணனைத் தவிர வேறொருவரிடம் கடைசியாக எப்போது ஒரு முழு வாக்கியம் பேசினேன்? மருந்துக் கடையில். "டயப்பர்ல பெரிய சைஸ் குடுங்க." அது முழு வாக்கியம்தான்.

மார்ச் 10, செவ்வாய்

சேர்ந்துவிட்டேன். குழுவின் பெயர் "பார்த்துக்கறவங்க". நடத்துகிறவர் ஒரு டீச்சர். படுக்கையிலிருக்கும் மகனைப் பார்த்துக்கொண்டே நடத்துகிறார். "யாரைப் பார்த்துக்கறீங்க, கொஞ்சம் சொல்லுங்க" என்று கேட்டார். மைக்கைக் கையில் கொடுத்தால் விடுவேனா? பெயர் கேட்ட இடத்தில் "சங்கிலி" என்று போட்டேன். பூமியின் விட்டத்தைச் சாணால் அளந்து, அதில் ஒரு சாண் குறைகிறதென்று கண்டுபிடித்த மேதைக்கு நான் உதவியாள் என்றும், அந்த ஒரு சாண் எங்கள் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறதென்று சந்தேகித்து வாரத்துக்கொருமுறை கட்டிலை நகர்த்துகிறோம் என்றும் எழுதினேன்.

உடனே ஒரு பெண்மணி: "அங்கிள், முடியல." அடுத்து ஒருவர்: "சத்தியமா முடியல." மூன்றாவது: "ஐயோ சாமி, முடியல."

எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. பாவம், அல்லும் பகலும் உழைத்தவர்கள், மூன்று பேரும் ஒரே நேரத்தில் சாய்கிறார்களே. அவசரமாக எழுதினேன்: "என்னம்மா பண்ணுது? பக்கத்துல யாராவது இருக்காங்களா? தண்ணி குடிச்சிட்டு முதல்ல படுங்க." அதற்கு ஏழெட்டு முடியல வந்தது.

டீச்சர் தனியாகத் தகவல் அனுப்பினார். "சார், சிரிச்சு முடியலன்னு சொல்றாங்க. இப்பல்லாம் அப்படித்தான் எழுதறாங்க."

இந்த வார்த்தை எப்போது கட்சி மாறியது? எங்கள் காலத்தில் ஒருவர் முடியல என்றால் டாக்டருக்கு ஆள் அனுப்புவோம்.

மார்ச் 14, சனி

குழுவில் நான் இப்போது நட்சத்திரம். காலையில் கதை வரவில்லையென்றால் "சங்கிலி அங்கிள் எங்கே" என்று தேடுகிறார்கள்.

அங்கே படிக்கிற மற்ற விஷயங்களைப் பற்றி எழுத என் மொழி போதாது. ஒரு மருமகள், மாமியாரின் முதுகுப் புண்ணுக்கு எந்தப் பக்கம் தலையணை கொடுப்பதென்று கேட்கிறாள். அலங்காரம் கிடையாது, அழுகை கிடையாது. பக்கவாதத்தில் விழுந்த மனைவியைப் பார்த்துக்கொள்ளும் ஒரு லாரிக்காரர், முன்பு நெடுந்தூரம் ஓட்டியவர், அவளை நாற்காலிக்கு மாற்றும்போது இடுப்பில் துண்டைக் கட்டிப் பிடித்தால் வழுக்காது என்கிறார். நானும் துண்டைக் கட்டிப் பார்த்தேன். வழுக்கவில்லை.

அந்த மருமகள்தான் சொன்னாள்: "சுவர் நகரலன்னு அவரோட வாதாடாதீங்க அங்கிள். அளந்து காட்டுங்க." அளவு நாடா ஒன்று வாங்கினேன். ஒரு முனை அவர், மறுமுனை நான். கூடத்தை அளந்தோம். "சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு, தானாகவே வந்து குளிக்க உட்கார்ந்தார்.

குழுவில் அதை, மலையை நகர்த்தி வைத்ததாகத்தான் எழுதினேன். நன்றி என்று மட்டும் எழுதியிருக்கலாம். கை வரவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

அளந்தோம். அளந்தோம். மறுபடி அளந்தோம்.

மார்ச் 20, வெள்ளி

இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிந்தால் நிமிர முடியவில்லை, நிமிர்ந்தால் குனிய முடியவில்லை. கேள்விக்குறி போல நடக்கிறேன். அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு, "இந்த எல்லைக் கல்லு சாஞ்சிருக்கு, பிடுங்கி நடணும்" என்றார். குழுவில் போட்டேன். ஏகப்பட்ட முடியல.

இரவில் அவர் எழுந்தால் நானும் எழ வேண்டும். எப்போது தூங்குகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. பாத்திரம் கழுவும்போதா?

மார்ச் 24, செவ்வாய்

இன்று கதை இல்லை.

மத்தியானம் சாப்பாடு. வாயில் வைத்ததை என் முகத்தில் துப்பினார். துடைத்தேன். மறுபடி துப்பினார். நாடாவை எடுத்து வீசினார், கண்ணுக்குக் கீழே பட்டது. "திருட்டுப் பயலே, சங்கிலியை வித்துத் தின்னுட்டியா" என்று என் சட்டையைப் பிடித்தார். என் கை மேலே போனது. அண்ணன் மேல். சின்ன வயதில் என்னை முதுகில் தூக்கிக்கொண்டு வாய்க்கால் தாண்டினவர் மேல். போன கை பாதியில் நின்றது. நின்றதற்கு நான் காரணமில்லை, இடுப்பு பிடித்துக்கொண்டது. இடுப்பு நல்லா இருந்திருந்தா அடிச்சிருப்பேனா? அடிச்சிருப்பேன்னுதான் தோணுது.

வெளியே வந்து கதவைப் பூட்டினேன். உள்ளே அடுப்பு அணைந்திருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்தேன். மேலே கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. எழுந்திருக்கவில்லை. பையோடு ஏறி வந்த கீழ்வீட்டம்மா, "என்ன சார், காத்தாட உட்கார்ந்துட்டீங்களா?" என்றார்கள். "ஆமாம்மா, தர்பார் கலைஞ்சிடுச்சு" என்றேன். அப்போதும் வாய் அதன் வேலையைச் செய்தது. தட்டுகிற சத்தம் நின்ற பிறகும் உட்கார்ந்திருந்தேன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சத்தம் நின்னதும் பயந்து ஓடியிருக்க வேணாமா? நிம்மதியா இருந்துச்சே.

உள்ளே போனபோது கதவை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தார். வேட்டி நனைந்திருந்தது. "வழி தெரியல" என்றார்.

மாற்றிவிட்டு, துடைத்துவிட்டு, படுக்க வைத்துவிட்டு, போனை எடுத்தேன். குழுவில் ஒரே வார்த்தை எழுதினேன்.

முடியல.

ஒரு நிமிடம் ஆகவில்லை. "அங்கிளுக்கே முடியலயா, இன்னைக்குப் பெரிய கதை போல." "அளந்தது போதாதா, அடுத்து நிலாவா?" வரிசையாகச் சிரிப்பு மூஞ்சிகள். கண்ணில் நீர் வரச் சிரிக்கிற மூஞ்சி.

அவங்க மேல என்ன தப்பு? நானும் ஒரு சிரிப்பு மூஞ்சி போட்டேன்.

மார்ச் 25, புதன்

லாரிக்காரரிடமிருந்து தனியாக ஒரு வரி: "அண்ணே, நேத்து முடியலன்னீங்களே. எந்த முடியல? பசங்க எழுதற முடியலயா, நம்ம முடியலயா?"

பதிலுக்கு ஒரு பட்டத்து யானையைக் கூட்டி வந்து நிறுத்தினேன். அதை அழித்தேன். ஒரு பீரங்கி வந்தது. அதையும் அழித்தேன். "நம்ம முடியல" என்று எழுதினேன்.

உடனே அழைத்தார். கரகரப்பான குரல், பின்னணியில் மிக்ஸி ஓடி நின்றது.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"நீங்க ஒரு வார்த்தையோட நிறுத்தி நான் பார்த்ததே இல்லண்ணே."

சொன்னேன். கையை, கதவை, படியை. சத்தம் நின்றதும் வந்த நிம்மதியை. அவர் ஐயோ என்று சொல்லவில்லை. "நான் வண்டி சாவிய எடுத்துக்கிட்டு ஊர் எல்லை வரைக்கும் போயிட்டேன். பெட்ரோல் பங்க்ல நின்னு யோசிச்சிட்டுத் திரும்பினேன்" என்றார். அவ்வளவுதான் அவர் கதை.

"அண்ணன் மகளுக்குத் தெரியுமா?"

"அவ சிரிப்பா."

"நீங்க சிரிக்க வெச்சா சிரிக்கத்தான் செய்வாங்க. ஞாயித்துக்கிழமை ஜோடிக்காம சொல்லுங்க. அடுத்த தடவை இடுப்பு பிடிக்காமப் போச்சுன்னா?"



மார்ச் 29, ஞாயிறு

"சித்தப்பா, இந்த வாரம் என்ன யுத்தம்?"

வாய் திறந்ததும் பழக்கதோஷம், "அதை ஏன் கேட்கிறே, சாம்ராஜ்யமே" என்று ஆரம்பித்துவிட்டது. நிறுத்தினேன். சமையலறையில் நின்றுகொண்டு, குழாயைப் பார்த்தபடி சொன்னேன்.

"அப்பாவை அடிக்கக் கை ஓங்கிட்டேன்மா. அப்புறம் உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் படியில போய் உட்கார்ந்துட்டேன்."

"அப்புறம்?" என்றாள். குரலில் சிரிப்பு தயாராக இருந்தது. எங்கே வெடிக்கப்போகிறது என்று காத்திருக்கிறாள்.

"அப்புறம் ஒண்ணுமில்ல."

"அப்புறம் சித்தப்பா?"

"அவ்வளவுதாம்மா. அழுதாரு போல. நான் எழுந்திருக்கல."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். அறுபடவில்லை.

"நீங்க சிரிக்கச் சிரிக்கச் சொல்வீங்களே," என்றாள். "நான் நல்லா இருக்கீங்கன்னு நெனச்சிட்டிருந்தேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன்."

"நான் வரேன். ஒண்ணும் சொல்லாதீங்க. வரேன்."

ஒன்றும் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் முதல் தடவை.

மார்ச் 31, செவ்வாய்

குழுவில் டீச்சர் அறிவிப்பு போட்டிருக்கிறார்: சிரிப்பு வந்தால் சிரிப்பு என்று எழுதுங்கள். இந்தக் குழுவில் இனிமேல் முடியல என்றால் முடியல என்றே அர்த்தம். பார்த்தவர் உடனே அழைக்க வேண்டும்.

அறிவிப்புக்குக் கீழே மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் அந்த மருமகள் எழுதியிருந்தாள். "முடியல." எல்லா நாளும் என் கதைக்கு முதல் ஆளாகச் சிரித்தவள். நான்தான் அழைத்தேன். அவள் பேசினாள்; நான் உம் கொட்டினேன். ஒரு இடத்தில்கூட யானை வரவில்லை.

ஏப்ரல் 6, திங்கள்

அண்ணன் மகள் வந்துவிட்டாள். என்னைப் பார்த்ததும் முதல் வார்த்தை: "என்ன சித்தப்பா, பாதியா போயிட்டீங்க?" அண்ணன் அவளைப் பார்த்து, "புது ஆபீசரா? உட்காருங்கம்மா" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். வெளியே வந்து, ஆபீசராகவே உட்கார்ந்தாள்.

டீச்சர் சொன்ன பகல் பராமரிப்பு இல்லத்தைப் போய்ப் பார்த்தோம். வாரத்தில் மூன்று நாள், காலையில் வேன் வந்து கூட்டிப்போகும். "அப்பாவைத் தள்ளிவிடற மாதிரி இருக்கு" என்றாள். எனக்கும் இருந்தது. இருந்தாலும் கையெழுத்துப் போட்டோம்.

ஏப்ரல் 9, வியாழன்

இன்று முதல் நாள். வேனில் ஏற மறுத்தார். நான் எதிர் ஜன்னலோரம் போய் உட்கார்ந்ததும் ஏறினார். இல்லத்தில் விட்டுவிட்டு வாசலிலேயே நின்றேன். அங்கிருந்த நர்ஸ், "போங்க சார், நாங்க பார்த்துக்கறோம்" என்றாள். இந்த வாக்கியத்தை என்னிடம் யாரும் சொன்னதே இல்லை.

அதன் பிறகு நடந்தவற்றை வருங்காலச் சந்ததிக்காகப் பதிவு செய்கிறேன். சாலையில் என்னைக் கண்டதும் போக்குவரத்து ஸ்தம்பித்தது. பேண்டு வாத்தியம் முழங்கியது. நகர மன்றத்தார் நகரத்தின் சாவியைத் தட்டில் வைத்து நீட்டினார்கள். பாக்கெட்டில் இடமில்லை என்று மறுத்தேன். இரண்டு பயில்வான்களை ஒரே கையில் வீழ்த்தினேன், மறு கையில் ஐஸ்கிரீம் இருந்ததால். ஒரு ஆற்றை நீந்திக் கடந்தேன். அந்தப் பக்கம் ஒன்றுமில்லை என்பதால் திரும்பி வந்தேன். கடைசியாக ஒரு சலூனில் நுழைந்தேன். நாற்காலியில் சாய்ந்து, வெள்ளைத் துணியைக் கழுத்தில் கட்டியதும் தூங்கிப்போனேன். முடி வெட்டுகிறவர் வேலையை முடித்த பிறகும் என்னை எழுப்பவில்லை. வந்தவர்களையெல்லாம் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்து, மெதுவாகப் பேசும்படி கேட்டுக்கொண்டாராம்.

மேலே உள்ளதில் சலூனில் தூங்கியது மட்டும் உண்மை.