பூட்டு போட்ட சிப்

12.8.1999, வியாழன்

பள்ளிப்பட்டு தறிக்காரருக்கு நாளை போர்டைக் காட்ட வேண்டும். இழை அறுந்தால் விசைத்தறியை நிறுத்தும் போர்டு. அதன் மூளை, நாமே லாஜிக் எழுதிக்கொள்ளும் ஒரே ஒரு சிப். கடைசியாக ஒரு திருத்தம் செய்யலாம் என்று பாவாவின் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். பாவா என் அக்கா புருஷன், இந்த போர்டு வேலையில் என் கூட்டாளி. நான் போட்ட டிசைன் இருந்த ஃபிளாப்பியைக் காணோம்.

"கெட்டுப்போச்சுடா. தூக்கிப் போட்டுட்டேன்."

சரி, சிப்பிலிருந்தே படித்து எடுக்கலாம் என்று கருவியில் செருகினேன். திரை முழுக்க ஒன்று, ஒன்று, ஒன்று. லாக் போட்டிருக்கிறது. இனி அதை மொத்தமாக அழிக்கலாம், படிக்க முடியாது. என்னிடம் தாளில் இருப்பது பாதி வேலைதான்.

"லாக் யாரு பாவா போட்டது?"

"நான்தான். நீதானடா லாக்கு லாக்குன்னு சொல்லிகினு இருந்த?" சிரித்தார். "நாளைக்கு நீ வராத. இது என் டிசைன்னு தறிக்காரருகிட்ட சொல்லிட்டேன். நடுவுல நீ வந்து கொழப்பாத."

பின்கட்டில் அக்கா எனக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். நான் கத்தவில்லை. காபியும் குடிக்கவில்லை.

இதைவிட மலிவான சிப் ஒன்று இருந்தது. லாக் வசதி இல்லாதது. அதுவே போதும் என்றார் பாவா. நான்தான் விடவில்லை. "நம்ம வேலைய எவனும் திருடக் கூடாது பாவா" என்று, சிப் வாங்கப் போன ரயிலில் சென்னை வரைக்கும் வாதாடினேன்.

'எவனும்' என்றபோது அவரை நான் நினைக்கவே இல்லை. அவர் என்னையும் அதில் சேர்த்துக்கொண்டார்.